எங்கள் சர்ச்சை விற்கச் சொல்கிறார்கள், புதன்கிழமை சூப்பை என்ன செய்வது?

கிளைட்கரை:
ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்றைக்கு யாரிடமாவது கொட்டித்தான் ஆகவேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாகர்கோவில் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். கிளாஸ்கோவுக்குக் கீழே கிளைட் ஆற்றோரம் ஒரு சின்ன ஊரில் பதினான்கு வருஷமாக நர்ஸ் வேலை. வந்த புதிதில் நடந்து போகிற தூரத்தில் எந்த சர்ச் இருக்கிறது என்று பார்த்து அதற்குப் போனேன். அது சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து, அதாவது பிரஸ்பிட்டேரியன். பிஷப் கிடையாது, மூப்பர்களும் போதகரும் சேர்ந்துதான் சபையை நடத்துவார்கள் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. மூன்று வருஷம் முன்பு என்னையும் மூப்பராக்கினார்கள். நம் ஊர் சேகரக் கமிட்டி மெம்பர் மாதிரிதானே என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். இங்கே சபை என்பது சட்டப்படி பதிவான ஓர் அறக்கட்டளை. மூப்பர்கள் அத்தனை பேரும் அதன் அறங்காவலர்கள். கூரை ஒழுகினாலும் கணக்கு இடித்தாலும் நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

இப்போது விஷயம். 2021இல் எடின்பரோவில் கூடிய எங்கள் சர்ச்சின் உச்ச மன்றமான பொதுப்பேரவை, ஒவ்வொரு பிரஸ்பிட்டரியும் (நம் ஊர் பேராயம் மாதிரி ஒரு வட்டார மன்றம்) தன் எல்லைக்குள் எத்தனை போதகர், எத்தனை கட்டடம் வைத்துக்கொள்ள முடியும் என்று திட்டம் போடவேண்டும் எனச் சட்டம் செய்தது. கட்டடங்களை 'ஏ', 'பி' என்று பிரித்தார்கள். 'ஏ' தங்கும். 'பி'யைக் குறித்த தேதிக்குள் கைவிடவேண்டும். எங்களுடையது 'பி'. மேட்டுமேல் இருக்கிற அடுத்த சபை 'ஏ'. இரண்டும் இணைந்து ஒரே சபையாக வேண்டும் என்பது திட்டம்.

ஞாயிறு வருவது நாற்பது பேர், அதுவும் நல்ல வெயில் அடித்தால். ஆலயத்தில் அறுநூறு பேர் உட்காரலாம். மாடியில் வடக்குப் பக்கம் மூன்று வாளி நிரந்தரமாக நிற்கிறது. எனவே கட்டடத்தை விட எனக்கு ஒன்றும் மனக்கஷ்டம் இல்லை. என் கவலை பின்னால் இருக்கிற ஹால். புதன்கிழமை பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை அங்கே சூப் போடுகிறோம். மைசூர் பருப்பு, காரட், வெங்காயம், ரொட்டி. பெயர் கேட்பதில்லை, சீட்டு கேட்பதில்லை. உணவு வங்கிக்குப் போனால் பெரும்பாலும் டாக்டரோ கவுன்சில் ஆபீஸோ எழுதிக்கொடுத்த வவுச்சர் வேண்டும். எங்களிடம் கதவைத் தள்ளினால் போதும். ஆலயமும் ஹாலும் ஒரே பத்திரத்தில் இருப்பதால் விற்றால் இரண்டும் சேர்ந்து போகும்.

ஒரு ஞாயிறு ஆராதனைக்காக ஆலயத்தைச் சூடாக்க ஆகிற செலவில் பாதிகூட ஆகாது ஒரு புதன்கிழமை சூப்புக்கு. ஆனால் செசனில் (மூப்பர்கள் கூட்டம்) முக்கால்வாசி நேரம் பாய்லரைப் பற்றித்தான் பேசுகிறோம். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

சும்மாவந்தவன்:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சாமி கும்பிடாத ஆள். இதில் அழ என்ன இருக்கிறது? 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 51.1 சதவீதம் பேர் தங்களுக்கு மதமே இல்லை என்று எழுதிவிட்டார்கள். உங்கள் சர்ச்சைச் சொன்னவர்கள் 20.4 சதவீதம். 2001இல் அதுவே 42 சதவீதத்துக்கு மேல். இருபது வருஷத்தில் பாதி. கடையில் கூட்டம் இல்லையென்றால் ஷட்டரை இறக்குவதுதான் முறை. கிளாஸ்கோ பைரஸ் ரோட்டில் ஓரன் மோர் போயிருக்கிறீர்களா? அது பழைய சர்ச்தான். 2004இலிருந்து பார், நாடகம் என்று அமர்க்களமாக ஓடுகிறது. மத்தியானம் போனால் ஒரு நாடகம், ஒரு பை, ஒரு கிளாஸ் பீர். கட்டடம் பிழைத்ததா இல்லையா?

பேரேடு:
எடின்பரோவில் அறக்கட்டளைகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறேன். சர்ச் கணக்குகளும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். சும்மாவந்தவன் சொல்கிற கடை உவமை இங்கே பொருந்தாது. காரணம், போதகரின் சம்பளம் அந்தந்த சபையிலிருந்து போவதில்லை. ஒவ்வொரு சபையும் தன் வருமானத்தில் ஒரு பங்கை மையத்துக்கு அனுப்புகிறது. 2023இலிருந்து அதற்கு 'கிவிங் டு க்ரோ' என்று பெயர். போதகர்களுக்கு நாடு முழுவதும் ஒரே சம்பள விகிதம். எடின்பரோவின் பணக்காரச் சபைக்கும் கிளாஸ்கோவின் ஏழைக் குடியிருப்புச் சபைக்கும் அதேதான். வசதியுள்ள சபை தன் செலவுக்கு மேலே கட்டுவதால்தான் வசதியில்லாத சபைக்குப் போதகர் கிடைக்கிறார். அந்தப் பொதுப்பானை வற்றுவதுதான் இப்போதைய நெருக்கடி. 1950களின் நடுவில் 13 லட்சம் உறுப்பினர்கள் இருந்த சபையில் இப்போது இரண்டரை லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். போதகர் இடங்களை 2025 முடிவுக்குள் 600 அளவுக்குக் கொண்டுவர இலக்கு வைத்ததும் இதனால்தான். அதே சமயம், நாட்டின் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு சபையின் பொறுப்பில் உள்ள வட்டாரம்) இருக்கிற மக்களுக்கு ஊழியம் போய்ச் சேரவேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படைப் பிரகடனத்திலேயே இருக்கிறது. பிரகடனம் அப்படியே இருக்க ஆள் மட்டும் குறைந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

அக்காவுக்கு ஒரு கேள்வி. உங்கள் கையிருப்பில் எவ்வளவு பொதுநிதி, எவ்வளவு நோக்கம் குறித்த நிதி? பல சபைகளில் வங்கியில் பணம் இருக்கும், தொட முடியாது.

கிளைட்கரை:
சரியாகப் பிடித்தீர்கள் சார். ஒரு பாட்டி ஆர்கனைப் பராமரிக்க என்று உயில் எழுதி வைத்த பணம் இருக்கிறது. ஆர்கன் வாசிக்க ஆள் இல்லாமல் இரண்டு வருஷமாகிறது. அந்தப் பணத்தில் ஒரு கிலோ பருப்பு வாங்க முடியாது. சூப்புக்கு என்று ஒரு நிதியத்திலிருந்து கிடைத்த தொகையில் ஓர் ஓடு மாற்ற முடியாது. பொதுநிதி என்று கையில் நிற்பது நான்கைந்து மாதத்துக்குத்தான் வரும்.

காணிக்கை எண்ணுகிற முறை என் வாரத்தில் வந்தால் இதெல்லாம் கண்ணால் பார்ப்பேன். வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய சிறு அறை) இரண்டு பேர் சேர்ந்துதான் எண்ணவேண்டும். எண் போட்ட சிறு உறைகள். 17ஆம் எண் உறையில் எப்போதும் இரண்டு பவுண்டு நாணயம் மூன்று, காகிதத்தில் சுற்றி. எண் மட்டும்தான் தெரியும், ஆள் யார் என்று எண்ணுகிறவர்களுக்குத் தெரியாது. போன பிப்ரவரியிலிருந்து 17 வரவில்லை.

பாளைச்சீமை:
அக்கா வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து. எங்க ஊர் வழியைச் சொல்லட்டுமா? ஸ்தோத்திரப் பண்டிகை வையுங்கள், ஏலம் போடுங்கள்! ஒரு பூசணிக்காய் ரெண்டாயிரத்துக்குப் போகும். சண்டைக்காரன் ரெண்டு பேர் எதிரும் புதிருமாய்க் கேட்டால் சேவல் ஐயாயிரம். வாங்கினவன் மறுபடி சபைக்கே கொடுப்பான், திரும்ப ஏலம். எங்க ஆலயத்துக் கோபுரத்தில் பாதி அப்படி வந்ததுதான் என்று அப்பா சொல்வார்.

சிரிப்பு போகட்டும். எங்க ஆச்சி காலத்தில் பிடியரிசி இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். பணமே பார்க்காத பெண்கள் உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்த விதம் அது. உங்க ஊரில் அப்படி ஒன்றும் கிடையாதா?

கிளைட்கரை:
ஏலம்! நினைத்துப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது தம்பி. இங்கே எல்லாரும் "இல்லை இல்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுக்கொடுத்தே ஏலத்தைக் கெடுத்துவிடுவார்கள். காபி மார்னிங் உண்டு, ஸ்கோன் விற்போம். கில்டு என்ற பெண்கள் சங்கம் 1887இல் ஆரம்பித்தது. எங்கள் கிளையில் இப்போது ஒன்பது பேர். சின்னவருக்கே எழுபத்திரண்டு வயது. அந்த ஒன்பது பேர்தான் புதன்கிழமை ரொட்டி வெட்டுவதும்.

பழைய ஏடு:
பாளைச்சீமை கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் பிடியரிசி இருந்தது, வாரம் ஒரு பென்னி என்ற பெயரில்.

1843 மே 18. அந்தந்த ஊர் ஜமீன்தார்கள் தங்கள் இஷ்டத்துக்குப் போதகரை நியமிக்கலாமா, சபைக்கு அதில் குரல் கிடையாதா என்று பத்து வருஷம் நடந்த சண்டையின் முடிவில், நூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் பொதுப்பேரவையிலிருந்து எழுந்து எடின்பரோ தெருவில் நடந்து கேனன்மில்ஸில் ஒரு பழைய கூடத்தில் போய்க் கூடினார்கள். மொத்தம் 1,200 போதகர்களில் 450க்கும் மேற்பட்டவர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். அதுதான் ஃப்ரீ சர்ச். வீடு, சம்பளம், ஆலயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தலைவர் தாமஸ் சால்மர்ஸ். மனுஷன் கணக்கில் புலி. ஒவ்வொரு குடும்பமும் வாரம் ஒரு பென்னி தரட்டும், எல்லாம் ஒரே நிதியில் சேரட்டும், அதிலிருந்து எல்லாப் போதகருக்கும் சமமாகப் பிரிக்கலாம் என்று முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தார். மீனவக் குடியிருப்புப் போதகரும் எடின்பரோ போதகரும் ஒரே பங்கு. பேரேடு சொன்ன பொதுப்பானையின் பாட்டன் இதுதான்.

ஆனால் இதே கதையில்தான் இன்றைய தலைவலியும் ஆரம்பிக்கிறது. வெளியே வந்தவர்கள் நாலைந்து வருஷத்தில் எழுநூறு ஆலயம் கட்டினார்கள். பல ஊர்களில் பழைய ஆலயத்துக்குப் பக்கத்திலேயே. 1929இல் பெரும்பகுதி மறுபடி ஒன்றுசேர்ந்தபோது ஒரே ஊரில் இரண்டு, மூன்று என்று ஆலயங்கள் ஒரே சபையின் தலையில் விழுந்தன. அக்கா, உங்கள் ஊரில் ஆற்றோரம் ஒன்று, மேட்டில் ஒன்று என்றீர்களே, கல்வெட்டில் வருஷத்தைப் பாருங்கள். ஒன்றில் 1840கள் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வால்: 1837இல் ஜான் ஆண்டர்சன் மதராஸில் தொடங்கிய பள்ளிதான் பின்னால் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. 1843இல் இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகள் அத்தனை பேரும், ஆண்டர்சன் உட்பட, ஃப்ரீ சர்ச் பக்கம் போய்விட்டார்கள். தாம்பரத்துக் கல்லூரிக்குள்ளும் வாரம் ஒரு பென்னி கலந்திருக்கிறது.

கிளைட்கரை:
இன்று வேலை முடிந்து வரும் வழியில் போய்ப் பார்த்தேன். மேட்டு ஆலய வாசலில் 1844! எங்களுடையதுதான் பழசு. இத்தனை வருஷம் அந்த வழியாகப் போயும் தலை தூக்கிப் பார்த்ததில்லை. எங்கள் பெரியவர்கள் சிலர் "அந்த மேட்டுக்காரர்கள்" என்று சொல்லும்போது வருகிற தொனி இப்போதுதான் புரிகிறது. நூற்றெண்பது வருஷக் கோபம்.

சும்மாவந்தவன்:
பழைய ஏடு சார், உங்கள் சால்மர்ஸைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். கிளாஸ்கோவில் செயின்ட் ஜான்ஸ் பங்கில் 1819 முதல் 1823 வரை ஏழைகளுக்கு நகரத்தின் ஏழை நிவாரண வரியிலிருந்து உதவி வேண்டாம், சர்ச் வாசலில் விழுகிற காணிக்கையே போதும் என்று நடத்திக் காட்டினாரே. பங்கை 25 வட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உதவிக்காரர். கேட்டு வருகிறவனிடம் முதலில் உனக்கு அண்ணன் இல்லையா, மாமன் இல்லையா, வேலை தேடினாயா என்று விசாரணை. செலவு குறைந்தது உண்மை. ஏன் குறைந்தது? அந்த விசாரணைக்குக் கூசி எத்தனை பேர் கேட்காமலே இருந்திருப்பார்கள்! அதோடு, அவருடைய ஃப்ரீ சர்ச் அமெரிக்க அடிமை முதலாளிகளின் சபைகளிடமிருந்து 3,000 பவுண்டு வாங்கியது. அடிமையாக இருந்து தப்பிய அமெரிக்கர் ஃபிரெடரிக் டக்ளஸ் 1846இல் ஸ்காட்லாந்து முழுக்க மேடை போட்டு "பணத்தைத் திருப்பி அனுப்பு" என்று முழங்கினார். அவர்கள் அனுப்பவில்லை.

பழைய ஏடு:
இரண்டும் உண்மை, மறுக்கவில்லை. பென்னி கொடுத்தவள் கை சுத்தம், 3,000 வாங்கியவர்கள் கை சுத்தமில்லை. ஒரே நிதியில்தான் இரண்டும் விழுந்தன.

கிளைட்கரை:
சும்மாவந்தவன் தம்பி, நீங்கள் விசாரணை என்று எழுதியதை நேற்று இரண்டு தடவை படித்தேன். எங்கள் செசனில் ஒருவர் போன மாதம் இதைத்தான் கேட்டார்: "வருகிறவர்கள் நிஜமாகவே தேவையுள்ளவர்கள்தானா?" வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. புதன்கிழமை ஒரு நல்ல கோட்டுப் போட்ட ஆள் வந்து இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கோட்டுக்காரரை எனக்குத் தெரியும். மனைவி போய் ஒரு வருஷம் ஆகிறது. சமைக்கத் தெரியாது என்பதல்ல, ஒருவருக்காகச் சமைக்க மனம் வரவில்லை. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

லாட்டரி நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னபோதும் அதே மாதிரி ஒரு முணுமுணுப்பு. சூதாட்டக் காசு வேண்டாம் என்று இரண்டு பேர். அவர்களை என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. அடுத்த வீட்டுப் பையன் சுரண்டல் சீட்டில் சம்பளத்தை விட்டதை நானே பார்த்தவள்.

வடகடல்:
அபர்தீன் பக்கம். எங்கள் சபை இணைந்து ஆறு வருஷம் ஆகிறது. யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். இணைப்புக் கூட்டத்தில் பணம் பற்றிப் பேச்சு அரை மணி நேரம், புதுச் சபைக்கு என்ன பெயர் என்பது மூன்று கூட்டம். கடைசியில் இரண்டு பெயரையும் கோர்த்துப் போட்டு யாருக்கும் வாயில் நுழையாத ஒன்றை வைத்தார்கள். சாலிஸ் (திருவிருந்துக் கிண்ணம்), ஞானஸ்நானத் தொட்டி எல்லாம் இரண்டிரண்டு. பிரசங்க பீடத்து பைபிள் எது என்பதற்கு ஒரு சண்டை. மூடிய ஆலயத்திலிருந்து வந்திருக்கவேண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்கு வரவே இல்லை. எதிர்த்தவர்கள் வந்துவிட்டார்கள், சண்டை போட ஆள் வேண்டுமே. கூட்டத்தில் வாய் திறக்காமல் பின்வரிசையில் இருந்தவர்கள்தான் காணாமல் போனார்கள். உங்கள் 17ஆம் எண் மாதிரி ஆட்கள்.

ஹாலைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று கனவு இருந்தால் விட்டுவிடுங்கள் அக்கா. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். நாங்களும் முயன்றோம். ஹாலுக்குக் கழிப்பறை ஆலயத்தின் பக்கம், மீட்டர் ஒன்று, வாசல் ஒன்று. பிரிக்கிற செலவில் புது ஹால் கட்டலாம்.

பேரேடு:
வடகடல் சொல்வது பல இடங்களில் உண்மை. இருந்தாலும் முதலில் பத்திரத்தைப் பாருங்கள். பெரும்பாலான சொத்துகள் 'ஜெனரல் டிரஸ்டீஸ்' (சர்ச்சின் மையச் சொத்துக் காவலர்கள்) பெயரில் இருக்கும். அவர்கள் சம்மதம் இல்லாமல் விற்கவோ பிரிக்கவோ முடியாது. விற்றாலும் பணம் உங்கள் சபையின் பெயரில் கட்டட நிதியாகத்தான் அவர்களிடம் நிற்கும். எடுத்துச் சூப்புப் போட முடியாது. ஆனால் இணைந்த சபையின் ஹாலில் சமையலறையைச் சீர்செய்ய அதைக் கேட்கலாம். 'கட்டடம் விற்ற பணம் கட்டடத்துக்கே' என்ற விதியை உங்கள் பக்கம் திருப்புகிற வழி அது ஒன்றுதான்.

பழுதுபார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒன்றைச் சொல்லுங்கள். பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஆலயங்களுக்குப் பழுது வேலையில் கட்டிய 20 சதவீத வாட் வரியைத் திருப்பித் தந்துவந்த அரசுத் திட்டத்துக்கே 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு ஒரு கட்டடத்துக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டுவிட்டார்கள். கூரை முழுவதும் மாற்றிய சபைக்கு அது கையைக் கடித்தது.

இன்னொன்று. தட்டில் விழுகிற சில்லறைக்கும் வரிச்சலுகை கேட்கிறீர்களா? வரி கட்டுகிறவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசு சேர்த்துத் தரும், அது எல்லாருக்கும் தெரியும். பெயரில்லாமல் வருகிற சிறு காணிக்கைக்கும் ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை அதே விகிதத்தில் கேட்கலாம். பொருளாளர் இல்லாத சபைகள் இதை விட்டுவிடுகின்றன.

கிளைட்கரை:
விட்டிருக்கிறோம். இரண்டு வருஷமாகக் கேட்கவே இல்லை. இன்று கோப்பைத் திறந்து பார்த்தேன், தலையில் அடித்துக்கொண்டேன்.

மழைக்குடை:
இடையில் ஒரு சின்ன விஷயம். கிளாஸ்கோவில் கோவன் ஓல்டு போய்ப் பாருங்கள் அக்கா. 1930களில் ஜார்ஜ் மெக்லியோட் அங்கே போதகராக இருந்தார். கப்பல் பட்டறை மூடி வேலையில்லாமல் நின்ற கைவினைஞர்களைக் கூட்டிக்கொண்டு 1938இல் அயோனா தீவின் பழைய மடத்தைத் திரும்பக் கட்டப் போனவர். இப்போது அந்த ஆலயம் வழக்கமான சபைக் கட்டடம் இல்லை. உள்ளே வைக்கிங் காலத்துக் கல்லறைக் கற்களை வைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். விற்றுக் கைகழுவுவதா, வைத்துக்கொண்டு திண்டாடுவதா என்ற இரண்டுக்கும் நடுவில் ஊர்க்காரர்களே எடுத்து நடத்துகிற வழி ஒன்றும் இருக்கிறது.

சும்மாவந்தவன்:
அவர்களுக்கு வைக்கிங் கல் இருக்கிறது. அக்காவுக்கு மூன்று வாளிதானே இருக்கிறது?

கிளைட்கரை:
சிரித்துவிட்டேன், போங்கள்.

சரி, கூட்டம் முடிந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாக்கெடுப்பு. இணைவதற்குச் சம்மதம் என்று பெரும்பான்மை. எதிர்த்தவர்கள் பதினொரு பேர். ஆலயமும் ஹாலும் போகும். ஹாலைப் பிரிப்பது பற்றி வடகடல் சொன்னது அச்சாக நடந்தது. எங்கள் கழிப்பறையும் ஆலயத்தின் பக்கம்தான்.

நான் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டேன். விற்ற பணத்தில் மேட்டு ஹாலின் சமையலறையைச் சீர்செய்ய விண்ணப்பிப்பதையும், புதன்கிழமை சூப் ஒரு வாரமும் விடுபடாது என்பதையும் இணைப்பு ஒப்பந்தத்தில் எழுதவேண்டும் என்று. பேரேடு சார் சொன்ன வார்த்தைகளையே சொன்னேன், நன்றி. மேட்டுக்காரர்களின் செசன் கிளார்க் (செசனின் செயலாளர்) வந்திருந்தார். எழுதலாம் என்றார். அந்த வங்கி மனிதர்தான் என் தீர்மானத்தை வழிமொழிந்தார். எனக்கே நம்ப முடியவில்லை.

இதில் சந்தோஷப்பட முழுக்க முடியவில்லை. எங்கள் ஹால் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில். மேட்டு ஹாலுக்குப் பஸ் கிடையாது. நேற்றுக் காலியான சூப் பானையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து பார்த்தேன். எனக்கு இருபத்து மூன்று நிமிடம், கடைசி ஏற்றத்தில் ஒரு தடவை நின்றேன். புதன்கிழமை வருகிறவர்களில் ஆறேழு பேருக்கு ஊன்றுகோல்.

வடகடல்:
கார் வைத்திருக்கிற மூப்பர் எத்தனை பேர்?

கிளைட்கரை:
ஐந்து. அதில் இருவர் அந்தப் பதினொன்றில் இருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கவேண்டும்.

வருகிற புதன், சூப் முடிந்ததும், கோட்டுக்காரரும் ஊன்றுகோல் வைத்திருக்கிற ஓர் அம்மாவும் என்னோடு நடந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.

பாளைச்சீமை:
குடை கொண்டு போங்க அக்கா.